பாலவாக்கம் மணலில் சுண்டலுக்கு எல்லை வயர் போட்ட ஆறு மாதம்

நேற்றுக் காலை மீன்காரம்மா தன் டிவிஎஸ் வண்டியை எங்கள் கேட்டுக்கு நேராக நிறுத்தி, கூடையைத் திறந்து வைத்து, பத்து நிமிஷம் பேரம் பேசிவிட்டுப் போனார். கேட் விரியத் திறந்து கிடந்தது. எங்கள் நாய் சுண்டல் முருங்கை மரத்தடியில் நின்று, மூக்கை மட்டும் நீட்டி நீட்டிப் பார்த்தானே தவிர ஒரு அடி முன்னால் வைக்கவில்லை. அப்புறம்தான் கவனித்தேன், அவன் கழுத்தில் எல்லையை நெருங்கினால் பீப் அடிக்கும் காலரே இல்லை, அது உள்ளே சார்ஜில் கிடந்தது. ஆறு மாதமாக எழுத வேண்டும் எழுத வேண்டும் என்று தள்ளிப் போட்டதை இன்றைக்கு உட்கார்ந்து எழுதுவது அதனால்தான்.

சுண்டல் நாட்டு நாய், இரண்டு வயது, 16 கிலோ, செம்மண் நிறம். கடற்கரையில் சுண்டல் விற்பவர் பக்கத்தில் குட்டியாகக் கிடந்தவனை என் மகன் தூக்கி வந்தான், அதுதான் பெயர்க் காரணம். சென்னை பாலவாக்கத்தில் எங்கள் மனை அப்பா காலத்தது, மூன்று கிரவுண்டு, 60-க்கு 120 அடி. முன்பாதியில் நாங்கள், பின்பாதியில் அண்ணன் குடும்பம், அவர்கள் மாடியில் இரண்டு குடித்தனம். மேற்கு ஓரமாக 12 அடிப் பொது வழி பின்வீடு வரை போகிறது. பால்காரர், ஸ்கூல் வேன், குடித்தனக்காரர்களின் பைக் எல்லாம் அதில்தான், ஆகவே பகலில் கேட்டை மூடி வைக்கவே முடியாது. வழியை ஒட்டி வேலி போடலாமா என்று அண்ணனிடம் ஒரு தடவை கேட்டேன். "நடுவுல வேலி வேண்டாம்டா, அப்பா இருந்தப்ப இல்லாதது" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

போன ஜூனில் மட்டும் இரண்டு தடவை மீன் வண்டி ஹாரன் கேட்டுத் தெருவுக்கு ஓடினான். இரண்டாவது தடவை ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வரைக்கும் போய்விட்டான். ஒரு ஷேர் ஆட்டோ பிரேக் அடித்து நின்றது அவனிடமிருந்து ஒரு முழம் தள்ளி. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. கட்டிப் போட்டால் நாள் முழுக்கக் குரைக்கிறான், சங்கிலியை இழுத்து இழுத்துக் கழுத்து முடி போய்விட்டது. அப்படித்தான் இந்த எல்லை வயர் செட்டை வாங்கினேன், 6,800 ரூபாய்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: வீட்டுக்குள் ஒரு டிரான்ஸ்மிட்டர், அதிலிருந்து கிளம்பித் தோட்டத்தைச் சுற்றி வந்து அதிலேயே முடியும் ஒரே வயர், நாயின் கழுத்தில் காலர். வயரை நெருங்கினால் காலர் முதலில் பீப் அடிக்கும், இன்னும் நெருங்கினால் அதிரும், அதற்கும் மேல் ஷாக். இந்தக் கடைசிதான் எனக்கு ஒப்பவில்லை. வேல்ஸில் நாய், பூனைக்கு ஷாக் கொடுக்கும் காலரை 2010-லேயே தடை செய்துவிட்டார்கள். எங்கள் கால்நடை டாக்டரும், "பீப்பும் அதிர்வும் போதும், ஷாக்கை ஆன் பண்ணவே பண்ணாதீங்க" என்று கண்டிப்பாகச் சொன்னார். முதல் வேலையாக அந்த இரண்டு உலோக முனைகளையும் கழற்றி, ரப்பர் மூடி போட்டுவிட்டேன். ஷாக் இல்லாமல் செய்தால் பழக்கத்துக்கு நேரம் அதிகம் ஆகும், அதற்குத் தயாராக இருப்பவர்கள் மட்டும் இதில் இறங்குங்கள்.

செட்டோடு வந்த வயர் நூல் மாதிரி இருந்தது. எலக்ட்ரீஷியன் தம்பி கையில் எடுத்துப் பார்த்ததுமே, "சார், உங்க தோட்டத்துல பெருச்சாளி இருக்கு, இது ஒரு வாரம் தாங்காது" என்றார். திருவான்மியூரில் 1 சதுர மில்லிமீட்டர் வீட்டு வயர் ஒரு காயில் (சுருள்) வாங்கினேன், 90 மீட்டர், 1,650 ரூபாய். என் கணக்கு இப்படி: எங்கள் பாகம் பொது வழி போக 48-க்கு 60 அடி, சுற்றளவு 216 அடி, அதாவது 66 மீட்டர். டிரான்ஸ்மிட்டரிலிருந்து எல்லை வரை 11 மீட்டர். மொத்தம் 77, மீதி 13 மீட்டர் கையில் இருக்கும்.

கணக்கு தப்பு. டிரான்ஸ்மிட்டரிலிருந்து எல்லைக்குப் போவது ஒரு வயர் இல்லை, போக ஒன்று வர ஒன்று. அந்த இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்க வேண்டும், முறுக்கினால்தான் எதிரெதிராக ஓடும் கரண்டின் சிக்னல் ஒன்றையொன்று அடித்துவிடும், அந்தப் பாதையில் நாய் தாராளமாக நடக்கலாம். ஒரு அடிக்குப் பத்து முறுக்காவது வேண்டும். கையால் முறுக்கி அலுத்துப்போய், கடைசியில் இரண்டு நுனியையும் டிரில்லிங் மெஷின் வாயில் கடிக்க வைத்து, மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மெதுவாக ஓட விட்டேன், ஐந்து நிமிஷத்தில் கயிறு மாதிரி வந்துவிட்டது. ஆனால் முறுக்கினால் நீளம் குறையும். 11 மீட்டருக்கு இரண்டு வயருமாக 24 மீட்டர் போயிற்று. கிழக்கிலும் வடக்கிலும் இருக்கும் ஐந்தரை அடிச் சுவரின் மேல் விளிம்பில் கிளிப் அடித்து வயரை ஓட்டினேன் (உயரத்தில் ஓட்டினால் தரையில் நாய் இழக்கும் இடம் குறையும்), அதற்கு ஏற 5.5 அடி, இறங்க 5.5 அடி. எல்லாம் சேர்த்து 93 மீட்டர். மூன்று மீட்டர் பற்றவில்லை. வீட்டில் கிடந்த பழைய துண்டு நாலு மீட்டரை முருங்கை மரத்துப் பக்கத்தில் ஒட்டுப் போட்டு, இன்சுலேஷன் டேப் சுற்றி மணலுக்குள் புதைத்தேன். அந்த ஒட்டுதான் அக்டோபரில் என் உயிரை எடுத்தது.

தோண்டுவது மட்டும் சுலபம். பாலவாக்கத்தில் எங்கே தோண்டினாலும் கடல் மணல்தான், மண்வெட்டியின் மூலையால் கோடு கிழித்துக்கொண்டே போனால் போதும், மூன்று அங்குலப் பள்ளம் அரை நாளில் முடிந்தது. ஆனால் சுண்டல் மத்தியான வெயிலுக்குக் குளிர்ச்சியாகப் படுக்கக் குழி பறிப்பவன். அவன் வழக்கமாகப் பறிக்கும் தெற்கு ஓரத்தில் மட்டும் ஒரு முழ ஆழம் போனேன்.

ஜூலை கடைசியில் சுவிட்சைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. காலரைக் கையில் பிடித்துக்கொண்டு வயர் பக்கமாக நடந்து எங்கே பீப் வருகிறது என்று பார்த்தேன். இங்கேயும் ஒரு தப்பு, என் இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு அளந்தேன். நாயின் கழுத்து உயரத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடியில் வைத்துக் குனிந்து நடந்தால்தான் உண்மையான அளவு தெரியும். டிரான்ஸ்மிட்டரில் இருக்கும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வயரிலிருந்து ஆறடியில் பீப், நாலடியில் அதிர்வு என்று வைத்தேன்.

எல்லாம் சரி என்று காலரை மாட்டிவிட்டேன். மறுநாள் காலை சுண்டல் திண்ணையில் வைத்திருந்த தண்ணீர்க் கிண்ணத்துக்கு வந்தான், வாயை வைத்தான், விருட்டென்று பின்வாங்கி நடுத் தோட்டத்தில் போய் நின்றுகொண்டான். திரும்ப வந்தான், திரும்ப ஓடினான். திண்ணையிலிருந்து வயர் பத்தடி தள்ளி, அங்கே பீப் வர வேண்டிய அவசியமே இல்லை. காலரைக் கழற்றித் திண்ணையில் வைத்தால் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கிறது. காரணம் பிடிபட இரண்டு நாள் ஆயிற்று. மீட்டர் போர்டிலிருந்து கேட் விளக்குக்குப் போகும் கரண்ட் கேபிள் பொது வழி ஓரமாக மண்ணுக்கடியில் பைப்பில் ஓடுகிறது. நான் வயர் புதைத்ததும் அதே ஓரத்தில், முப்பது அடி தூரத்துக்கு, அரையடி இடைவெளியில். என் சிக்னல் அந்தக் கேபிளில் தொற்றி, வீட்டு வயரிங் முழுக்க ஏறி, திண்ணைச் சுவரிலிருந்து நாயின் கழுத்தில் அடித்திருக்கிறது.

இது எனக்குப் பெரிய வருத்தம். அவன் பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்து தூங்கிய திண்ணை அது. ஒரு வாரம் அதில் ஏறவே இல்லை, நான் போய் உட்கார்ந்து கூப்பிட்டால் வாலைத் தாழ்த்திக்கொண்டு ஓரமாக நிற்பான். காலரை எடுத்துவிட்டு, தினமும் சாயந்திரம் அங்கேயே உட்கார்ந்து என் கையாலேயே சோறு போட்டுத்தான் மீண்டும் ஏற்றினேன். நாய்க்கு மாட்டுவதற்கு முன்னால் காலரைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டின் ஒவ்வொரு மூலையிலும், ஒவ்வொரு சுவரோரமும், கிரில் பக்கத்திலும் ஒரு சுற்று வந்திருந்தால் இது நடந்திருக்காது. அரை மணி நேர வேலை.

மேற்குப் பக்கம் முழுவதையும் தோண்டி எடுத்து, கேபிளிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளிப் புதைத்தேன். இரண்டும் குறுக்கிட்டே ஆக வேண்டிய ஓரிடத்தில் மட்டும் நேர் குறுக்காக, சிலுவை மாதிரி கடக்கவிட்டேன். திண்ணை அமைதியாயிற்று. இரும்புக் கேட் பக்கமும் ஒரு மீட்டர் விலகிப் போனேன், இரும்பும் சிக்னலை ஏந்திக்கொண்டு போகும்.

அடுத்தது கொடி. நாய்க்கு மண்ணுக்குள் இருக்கும் வயர் தெரியாது, பீப் தொடங்கும் இடத்தில் வரிசையாகக் கொடி நட்டு, கண்ணுக்கு ஒரு கோடு காட்ட வேண்டும். செட்டில் இருபது கொடி வந்தது, எட்டடிக்கு ஒன்று என்று நட்டால் சுண்டல் இரண்டு கொடிக்கு நடுவே வாசலில் நுழைகிற மாதிரி நடந்து போகிறான். வீட்டிலிருந்த பழைய சிவப்புத் தாவணியைக் கிழித்து, தென்னை ஈர்க்கை நாலு நாலாகக் கட்டி அதில் முடிந்து, நாலடிக்கு ஒன்று என்று நட்டேன். எனக்கு அந்தச் சிவப்பு தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. அவன் மூன்று நாளும் அருகம்புல்லுக்குள் அதைக் கவனிக்கவே இல்லை. டாக்டரிடம் சொன்னபோதுதான், நாய்க்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும், சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்றார். என் பழைய வெள்ளை வேட்டியையும் மகனின் நீல யூனிஃபார்ம் சட்டையையும் கிழித்து மாற்றி மாற்றி நட்டேன், அன்று சாயந்திரமே நின்று மோந்து பார்த்தான்.

பழக்கத்தை ஆகஸ்ட் 18 அன்று தொடங்கினேன். காலை ஆறு மணிக்கும் சாயந்திரம் ஐந்தரைக்கும், ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம், பதினைந்துக்கு மேல் போனதே இல்லை. வெயில் ஏறிவிட்டால் அவன் மூளை வேலை செய்யாது, எனக்கும் பொறுமை போய்விடும். முதல் நாலு நாள் காலரை அவன் கழுத்தில் போடவே இல்லை. என் கையில் வைத்துக்கொண்டு, அவனைக் கயிற்றில் பிடித்தபடி கொடிக்குப் போவேன். பீப் அடித்ததும் "வா வா" என்று உற்சாகமாகச் சொல்லித் திரும்பி நடுத் தோட்டத்துக்கு ஓடுவேன், அங்கே விரித்த சாக்கில் வந்து நின்றதும் வேகவைத்த கோழி ஈரல் ஒரு துண்டு. பீப் என்றால் பயம் என்று அவன் கற்றுக்கொள்ளக் கூடாது, பீப் என்றால் திரும்பினால் ஈரல். நெத்திலிக் கருவாடு கொடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், உப்பு ஆகாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். திண்ணையில் அவனுக்கு ஏற்பட்ட பயம் முழுசாகப் போனதே இந்த நாலு நாளில்தான் என்று நம்புகிறேன்.

ஐந்தாம் நாளிலிருந்து கழுத்தில் மாட்டி, 30 அடிக் கயிற்றில் விட்டேன். நைலான் கயிறு வேண்டாம், ஒரே இழுப்பில் என் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது, துணி காயப்போடும் பருத்திக் கயிறு நல்லது. இரண்டாம் வாரம் சோதனை. மகன் பொது வழியில் பந்து உருட்டுவான், அண்ணி பின்வீட்டிலிருந்து சுண்டலைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று தடவை ஓடிப் போய்ப் பீப் கேட்டுத் திரும்பினான்.

கடைசியாகத்தான் மீன். மீன்காரம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, ஒரு வாரம் தினமும் கேட் பக்கம் ஐந்து நிமிஷம் நிற்க முடியுமா என்று கேட்டேன். "அதுக்கின்னா தம்பி, நிக்கறேன். ஆனா பாவம், ஒரு தலையாச்சும் போட்டுட்டுப் போறேனே" என்றார். போடக் கூடாது என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். முதல் நாள் கயிறு விண்ணென்று இழுத்தது, பீப், அதிர்வு, எதுவும் அவன் காதில் ஏறவில்லை. நான் கயிற்றோடு அவனை உள்ளே இழுத்துக்கொண்டு போய்ச் சாக்கில் நிறுத்தினேன், திட்டவில்லை. மூன்றாம் நாள் பாதியில் நின்றான். நாலாம் நாள் நடந்ததை அப்படியே சொல்கிறேன். ஹாரன் கேட்டதும் பாய்ந்தான், வெள்ளைக் கொடிக்கு ஒரு சாண் முன்னால் சட்டென்று நின்றான். வலது முன்னங்காலை மடக்கித் தூக்கியபடி, உடம்பு முழுக்க நடுங்க, கூடையையே பார்த்தான். காது முன்னால், வால் நேராக. தொண்டைக்குள் மெலிதாக ஒரு முனகல். கயிறு என் கையில் தளர்ந்து தரையில் கிடந்தது, நான் மூச்சுகூட விடவில்லை. பிறகு தூக்கிய காலை மெதுவாகக் கீழே, பின்னால் வைத்தான், திரும்பி என்னைப் பார்த்தான், சாக்குக்கு ஓடினான். கையிலிருந்த ஈரல் அத்தனையும் கொடுத்தேன். ரோட்டிலிருந்து மீன்காரம்மா கை தட்டினார்.

செப்டம்பர் நடுவிலிருந்து கொடிகளை ஒன்று விட்டு ஒன்றாக, மூன்று நாளைக்கு ஒரு முறை எடுக்கத் தொடங்கினேன். அந்தச் சமயத்தில்தான் காலருக்கு அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் சிவந்திருந்ததைப் பார்த்தேன், பக்கத்தில் இரண்டு உண்ணி. விடியற்காலையிலிருந்து ராத்திரி பத்து மணி வரை கழற்றாமல் விட்டதால் வந்தது, ரப்பர் மூடியே ஆனாலும் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தால் புண்ணாகும். டாக்டருக்கும் களிம்புக்கும் 500 ரூபாய், ஐந்து நாள் காலர் கிடையாது. இப்போது ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் போடுவதில்லை, ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் இறுக்கம், மாலையில் கழற்றியதும் முடியை ஒதுக்கித் தடவிப் பார்ப்பேன். கடல் காற்றில் சார்ஜ் ஏறும் முனையில் பச்சையாகக் களிம்பு பிடிக்கிறது, வாரம் ஒரு தடவை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும்.

வாக்கிங் போகும்போது என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். காலரைத் திண்ணையிலேயே கழற்றி, கயிறு கட்டி, எப்போதும் ஒரே இடத்தில், அந்தச் சாக்கை விரித்து அதன் மேல் நடத்தித்தான் கோட்டைக் கடப்போம். சாக்கு இல்லாமல் கடப்பது இல்லை. என் மகன் ஒரே ஒரு நாள் அவசரத்தில் வேறு இடத்தில் இழுத்துப் போனான், அதைச் சரிசெய்ய மூன்று நாள் கொடியை மீண்டும் நட வேண்டியிருந்தது.

அக்டோபர் 15 அதிகாலை, அந்தப் பெருமழையில், டிரான்ஸ்மிட்டர் விடாமல் கத்தியது. பச்சை விளக்கு அணைந்திருந்தது, வயர் எங்கேயோ அறுந்துவிட்டது என்று அர்த்தம். மல்டிமீட்டரில் நல்ல நாளில் முழு வயருக்கும் 2 ஓம் மின்தடை காட்டும், அன்று ஒன்றுமே காட்டவில்லை. சந்தேகம் நேராக ஒட்டு மேல்தான், ஆனால் அதை எந்த இடத்தில் புதைத்தேன் என்று நான் எங்கேயும் அடையாளம் வைக்கவில்லை. முருங்கை மரத்தைச் சுற்றிக் கணுக்கால் தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் தோண்டினேன். டேப் ஊறி விரிந்து, செம்புக் கம்பி பச்சையாகி, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. சுத்தமாகச் சுரண்டி, சால்டரிங் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் இரண்டு அடுக்குப் போட்டு, மேலே சிலிகான் பூசினேன். ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் அந்த ஸ்லீவ் கிடைக்கும், டேப்பை நம்பி எதையும் மணலுக்குள் புதைக்காதீர்கள். இப்போது அந்த இடத்தில் ஒரு செங்கல் வைத்திருக்கிறேன். டிரான்ஸ்மிட்டர் அடாப்டரையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றியாயிற்று. நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் அன்று கரண்ட் போயும் பச்சை விளக்கு எரிந்தது, ஆனாலும் அவனை வெளியே விடவில்லை. தீபாவளிக்கும் அப்படித்தான், அக்டோபர் 29 முதலே வீட்டுக்குள் உள் அறையில் ஃபேன் சத்தத்தோடு வைத்துக்கொண்டோம். வெடிக்குப் பயந்து ஓடும் நாயை எந்தப் பீப்பும் நிறுத்தாது.

இன்னொன்றும் இது செய்யாது. வெளியிலிருந்து வரும் தெருநாயைத் தடுக்காது. டிசம்பரில் ஒன்று கேட் வழியாக நேராக உள்ளே வந்து சுண்டலோடு உருண்டது. ரேபிஸ் ஊசி தேதி தவறாமல் போட்டிருந்ததாலும் மாநகராட்சி லைசன்ஸ் எடுக்கும்போதே அந்தச் சான்றிதழ் கையில் இருந்ததாலும் கொஞ்சம் நிம்மதியாக டாக்டரிடம் போனேன். பகலில் யாரும் வீட்டில் இல்லாத நேரத்தில் அவனைத் தோட்டத்தில் விடுவதில்லை.

செலவு: செட் 6,800, வயர் 1,650, கிளிப், ஸ்லீவ், சிலிகான், ஈயம் 420, கயிறு 180, ஈரல் சுமார் 900, டாக்டர் 500. மொத்தம் 10,450. டிரில், மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன் ஏற்கனவே வீட்டில் இருந்தவை.

மறுபடி செய்தால் முதல் நாளே இரண்டு காயில் வாங்குவேன், முன்னதாக ஒரு சணல் கயிற்றை அதே பாதையில் ஓட்டி நீளம் பார்ப்பேன், ஒட்டு தவிர்க்க முடியாது என்றால் மண்ணுக்கு மேலே சுவரில் ஒரு சின்னப் பெட்டிக்குள் வைப்பேன். கேபிள் எங்கே ஓடுகிறது என்று எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து சுண்ணாம்பில் கோடு போட்ட பிறகுதான் மண்வெட்டியைத் தொடுவேன்.

இரண்டாவது காயில் போன வாரம் வாங்கிவிட்டேன். தெற்குப் பக்கத்தில் அண்ணி கீரைப் பாத்தியை இரண்டடி நீட்டப் போகிறார், அந்தப் பக்கத்து வயரை எடுத்துவிட்டு ஒட்டே இல்லாமல் முழுதாக மாற்ற வேண்டும், மாசி வெயில் ஏறுவதற்குள். வேட்டிக் கொடிகளைத் துவைத்து எடுத்து வைத்திருக்கிறேன், புதுக் கோட்டுக்கு அவை மறுபடி வேண்டும்.